இரண்டு வெள்ளை வட்டங்கள்

நட்சத்திரம் கூடக் கூடப் பதவியும் கூடும் என்பதை யமுனாவுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பாவின் சட்டையைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பிச்சமுத்து போலீஸில் சேர்ந்த முதல் பத்து வருடம் அவர் கையிலும் தோளிலும் ஒன்றும் கிடையாது, வெறும் காக்கி. அப்புறம் கையில் இரண்டு கோடு வந்தது, மூன்று கோடு வந்தது, இருபத்தைந்து வருடம் முடிந்த பிறகு தோளில் இரண்டு நட்சத்திரம் வந்தது. அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். பிச்சமுத்து ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் ஸ்ரீரங்கத்து வீட்டில் இன்றும் தொங்குகிறது. படத்தில் அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை, ஓரக்கண்ணால் தன் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்படி வளர்ந்த பெண்ணின் கையில் அயர்லாந்துக்காரர்களின் கொடி வந்து சேர்ந்ததுதான் வம்பாகப் போயிற்று.

மேலப்புதூரில் லூர்துராணி நடத்தும் எம்பிராய்டரி கடையில் யமுனா பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். மாதா திருவிழாக் கொடி, பாடகர் குழுப் பதாகை, பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குச் சிவப்பு அணி நீல அணிக் கொடிகள் என்று வருடம் முழுக்க வேலை ஓடும் கடை அது. போன மாதம் லூர்துராணிக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் முடிவானது. இரண்டு வாரம் ஊசி, நூல், போன் எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லூர்துராணி கடைச் சாவியை யமுனாவின் கையில் வைத்தாள்.

"அயர்லாந்து வேலை உன் பொறுப்பு. நல்லபடியா போச்சுன்னா வெளிநாட்டு ஆர்டர் எல்லாத்தையும் இனிமே நீயே பாத்துக்க. சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். கூடவே ஒன்றும் சொன்னாள். "தப்பு வந்தா வரட்டும். மறைக்காத. பிரவீன்ராஜை நான் ஏன் அனுப்பினேன்னு உனக்குத் தெரியும்."

யமுனாவுக்கு நன்றாகவே தெரியும். பிரவீன்ராஜ் ஒரு சர்ச்சின் பங்குத் திருவிழாப் பதாகையைப் பாழாக்கிவிட்டு, அதை மடித்துத் துணிக்கட்டின் அடியில் செருகி வைத்தவன். பாழானது தெரிந்தபோது லூர்துராணி ஒரு வார்த்தை பேசவில்லை. செருகி வைத்தது தெரிந்த அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பிவிட்டாள்.

அயர்லாந்து ஆர்டரைப் பிடித்துக் கொடுத்தவன் ஆஸ்டின், லூர்துராணியின் கொழுந்தன் மகன். அங்கே கில்ட்ராமோர் என்ற கடலோர ஊரில், பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் கூடும் யாட் கிளப்பில் சமையல்காரனாக இருக்கிறான். குளிர்காலக் காற்றில் கிளப்பின் கொடிகள் கிழிந்து நார்நாராகிவிட, "எங்க பெரியம்மா தைச்சுத் தருவாங்க" என்று செயலாளரிடம் வாயைக் கொடுத்துவிட்டான். கடலில் படகுகள் இறங்கும் முதல் நாள் அடுத்த வாரச் சனிக்கிழமை. அன்றைக்குப் புதுக் கொடி ஏறியாக வேண்டும்.

கருநீலத் துணி, நடுவில் தங்க நிறத்தில் நரம்பு கட்டிய ஒரு வாத்தியம், அதன் கீழே நங்கூரம்.

"இது என்ன தம்பி, வீணையா?" என்று யமுனா போனில் கேட்டாள்.

"யாழ்க்கா. இந்த நாட்டுச் சின்னமே இதுதான். நரம்பு பன்னிரண்டு. ஒண்ணு குறைஞ்சாலும் இங்க எண்ணிப் பாத்துருவாங்க."

யாழ் பெரிய கஷ்டமாக இல்லை. பாடகர் குழுப் பதாகைக்குத் தாவீது ராஜாவின் யாழை அவர்கள் முன்பே தைத்திருக்கிறார்கள். படகுகளுக்கு முக்கோணக் கொடி பன்னிரண்டு தைத்தாயிற்று. மிச்சம் இருந்தது கிளப்பின் தலைவர்கள் மூவருக்கான கொடிகள். மூன்றும் ஒரே அளவு, ஒரே நிறம், நுனியில் மீன் வால் போல ஒரே வெட்டு. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். கம்பத்துப் பக்கம் மேல் மூலையில் வெள்ளை வட்டங்கள். ஆஸ்டின் அனுப்பிய படத்தில் கமடோர் என்ற பெரிய தலைவரின் கொடியில் வட்டமே இல்லை. அடுத்தவரான வைஸ் கமடோருக்கு ஒரு வட்டம். மூன்றாமவரான ரியர் கமடோருக்கு இரண்டு.

யமுனா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். எவனோ தூக்கக் கலக்கத்தில் பெயர்களைத் தலைகீழாக எழுதியிருக்கிறான். எந்த ஊரிலாவது பெரியவருக்கு ஒன்றுமில்லாமல் கடைசி ஆளுக்கு இரண்டு கொடுப்பார்களா? போலீஸ்காரன் மகளிடமா இந்தக் கதை? கமடோருக்கு இரண்டு, வைஸுக்கு ஒன்று, ரியருக்கு ஒன்றுமில்லை என்று அவளே திருத்தினாள். வெள்ளைத் துணியில் வட்டம் வெட்டி, முன்பக்கமும் பின்பக்கமும் வைத்து, விளிம்பில் நெருக்கமாகத் தைத்தாள். கம்பத்தில் கட்டும் பட்டியில் அவரவர் பதவிப் பெயரைச் சின்ன நாடாவில் எழுதி நாலு தையல் போட்டாள். மடித்து வைத்த கொடிகளைப் படம் எடுத்து ஆஸ்டினுக்கு அனுப்பி, "எல்லாம் சரியா இருக்கா தம்பி? அனுப்பிடவா?" என்று கேட்டாள். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. திருத்தியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அவர்கள் தப்பைச் சத்தமில்லாமல் சரி செய்து அவர்கள் மானத்தைக் காப்பாற்றியதாக அவளுக்கு நினைப்பு.

புதன்கிழமை சாயங்காலம் கூரியர்காரர் வந்து பார்சலை எடுத்துப் போனார்.

வியாழன் காலை பதினொன்றரைக்கு ஆஸ்டின் ஒரு போட்டோ அனுப்பினான். கிளப் சுவரில் மாட்டியிருந்த பழைய படம். கட்டடத்தின் முன்னால் மூன்று கம்பம், மூன்று கொடி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஆள். 'இந்த மூணுக்குப் பதிலாத்தான் நம்ம கொடி ஏறப்போகுது அக்கா' என்று எழுதியிருந்தான். யமுனா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நடுக் கம்பத்தின் கீழே, கழுத்தில் பதக்கச் சங்கிலியோடு நின்றவர்தான் பெரியவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் கொடியில் வட்டம் இல்லை. ஓரமாக நின்றவர் கொடியில் இரண்டு வட்டம் பளிச்சென்று தெரிந்தது.

சும்மா கேட்பதுபோல ஒரு செய்தி அனுப்பினாள். 'பெரியவர் கொடியில ஏன் தம்பி ஒண்ணும் இல்ல?'

'அவருக்கு எதுக்குக்கா அடையாளம்? கிளப் கொடியை அப்படியே சுத்தமா ஏத்துறது அவர் ஒருத்தருக்குத்தான் உரிமை. வட்டம் எல்லாம் கீழ உள்ளவங்களுக்கு. ஏன் கேக்கறீங்க?'

'சும்மாதான்' என்று அனுப்பிவிட்டாள். அனுப்பியதுமே பிரவீன்ராஜின் முகம் கண் முன்னால் வந்தது.

வாசலில் வந்த ஆட்டோவை நிறுத்தித் தில்லை நகர் கூரியர் ஆபீஸ் என்றாள். பாலக்கரை சிக்னலில் ஆட்டோ நின்ற நேரம் முழுவதும் அவள் மனசு ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டியது. அயர்லாந்தில் கூட்டம் கூடி நிற்கிறது. கொடி ஏறுகிறது. எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பிறகு எல்லாரும் திரும்பிச் சமையல்கட்டைப் பார்க்கிறார்கள், அங்கே ஆஸ்டின் கரண்டியோடு நிற்கிறான். பைக்குள் கை விட்டு, தையல் பிரிக்கும் சின்னக் கத்தி இருக்கிறதா என்று நாலு முறை தடவிப் பார்த்தாள்.

கூரியர் ஆபீஸில் ஹாலித் இருந்தார். நாற்பது வயது இருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்கியது. பார்சல் இன்னும் போகவில்லை, பின்னறையில்தான் இருக்கிறது என்றார். யமுனாவுக்குப் பாதி உயிர் வந்தது.

"நாலு மணிக்கு வண்டிம்மா. இன்னிக்குப் போனாத்தான் அடுத்த சனிக்குள்ள சேரும். இதை விட்டா அடுத்த வண்டி திங்கக்கிழமை."

"நாலு மணிக்குள்ள திருப்பிக் கொடுத்துடுறேன் பாய். பிரிச்சு ஒண்ணே ஒண்ணு சரி பண்ணணும்."

"சரி. அனுப்பினவங்க நம்பருக்கு ஓடிபி போகும். அதைச் சொல்லுங்க."

அனுப்பியது லூர்துராணி பெயரில். நம்பரும் அவளுடையது. யமுனா வாசலுக்கு வந்து வெயிலில் நின்றுகொண்டு போன் போட்டாள். லூர்துராணியின் வீட்டுக்காரர் அமிர்தசாமி எடுத்தார். ரிட்டயர்ட் வாத்தியார். மனைவிக்குக் கண் கட்டியதிலிருந்து அவள் போன் அவரிடம்தான் இருந்தது.

"சார், அக்கா போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்றீங்களா?"

"எதுக்கும்மா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாய் வரை வந்தது. "பார்சல் எங்க போயிருக்குன்னு பாக்கத்தான் சார்" என்றாள்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்திப் படித்தார். கடைசி எண்ணைப் படித்துவிட்டு, "உங்கக்கா நிம்மதியா தூங்குறா. யமுனா பாத்துக்குவா, யமுனா பாத்துக்குவான்னு நேத்து முழுக்க அதே பேச்சு" என்றார். யமுனா போனை வைத்தபோது அவளுக்கு அவள்மீதே அருவருப்பாக இருந்தது.

மணி ஒன்றேகால். ஹாலித் ஒரு பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தார். யமுனா பார்சலைப் பிரித்து, கமடோர் என்று நாடா தைத்த கொடியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வட்டத்தின் விளிம்பில் கத்தியைச் செருகித் தையலை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தாள். அவள் கையாலேயே நெருக்கிப் போட்ட தையல். நல்ல வேலைக்காரி என்று பெயர் எடுத்ததற்கு அன்றுதான் வருத்தப்பட்டாள். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு. மூன்றாவது வட்டத்தில் கத்தி கொஞ்சம் வழுக்கி வெள்ளைத் துணியின் ஓரத்தைக் கீறிவிட்டது. நெற்றி வியர்வை கொடியில் விழுந்துவிடுமோ என்று முந்தானையால் துடைத்துத் துடைத்து வேலை பார்த்தாள்.

நாலும் வந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. வட்டம் இருந்த இடங்களில் ஊசித் துளைகள் வளையமாகத் தெரிந்தன. தேய்த்தாள், நீவினாள், போகவில்லை. ஒன்றுமே இல்லாமல் சுத்தமாக ஏற வேண்டிய பெரியவர் கொடியில் ஆயிரம் துளை. அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு, வட்டங்களைத் தைப்பதற்காக ரியர் கமடோர் கொடியை எடுத்து விரித்தாள்.

இதையெல்லாம் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஹாலித்துக்கு ஒரு சந்தேகம். எழுந்து வந்து இரண்டு கொடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இப்ப ரெண்டுலயும் ஒண்ணுமில்ல. ரெண்டும் ஒரே கொடி மாதிரி இருக்கு. எது யாரோடதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"இந்தா, பட்டியில நாடா இருக்கு பாருங்க பாய். பேர் இருக்கு."

"அப்போ நாடா மட்டும்தான் வித்தியாசமா?"

"ஆமா" என்றாள் யமுனா. சொன்ன வாய் மூடவில்லை.

நாடா மட்டும்தான் வித்தியாசம். வட்டமில்லாத கொடி ஒன்று ஏற்கெனவே இருந்தது, துளையில்லாமல், சுத்தமாக. இரண்டு வட்டம் போட்ட கொடியும் இருந்தது, ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரை. இரண்டு கொடியிலும் நாடாவைப் பிரித்து மாற்றித் தைத்திருந்தால் போதும். மொத்தம் எட்டுத் தையல். பத்து நிமிஷ வேலை. தைத்ததில் தப்பே இல்லை. தப்பெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. அந்தப் பயத்தில், உருப்படியாக இருந்ததையும் தன் கையாலேயே குதறிப் போட்டுவிட்டாள்.

ஹாலித் பயந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

யமுனா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிரித்த வட்டங்களை அதே துளைகளின் மேல் கையால் திரும்பத் தைத்து, நாடாவை மாற்றிவிடலாம். வளையம் மறைந்துவிடும். நாலு வட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், இருப்பது அதற்கும் கொஞ்சம் மேல். கீறல் விழுந்த வட்டத்தின் ஓரத்தை உள்ளே மடித்தால் ஒரு நூலளவு சிறுத்துவிடும். கொடி முப்பதடி உயரத்தில் பறக்கும்போது அது யார் கண்ணுக்கும் தெரியாது. லூர்துராணிக்கும் தெரியாது. ஆஸ்டினுக்கும் தெரியாது. பார்சல் நல்லபடியாகப் போய்ச் சேரும், சாவி அவளிடமே இருக்கும், யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. எல்லாம் அவ்வளவு சுலபமாகச் சரியாகிவிடும்போல இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. பிரவீன்ராஜும் பதாகையை மடித்தபோது இப்படித்தான் ஒவ்வொன்றாக யோசித்திருப்பான்.

ஊசியில் நூலைக் கோத்தாள். முதல் வட்டத்தில் நாலைந்து தையல் போட்டாள். பிறகு ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு, போனை எடுத்து, அமிர்தசாமியிடம் அக்காவை எழுப்பிக் கொடுக்கச் சொன்னாள்.

"என்னடி?" என்றாள் லூர்துராணி. தூக்கக் குரல்.

யமுனா ஒன்றுவிடாமல் சொன்னாள். தானாகத் திருத்தியது, ஆஸ்டினிடம் சொல்லாதது, 'சும்மாதான்' என்று அனுப்பியது, சாரிடம் ஓடிபிக்குப் பொய் சொன்னது, அவசியமே இல்லாமல் வட்டங்களைப் பிரித்தது, ஒரு வட்டத்தில் கீறல் விழுந்தது.

அந்தப் பக்கம் லூர்துராணி எழுந்து உட்கார்வதில் கட்டில் கிரீச்சிட்டது.

"எந்த வட்டம்?" என்றாள் லூர்துராணி.

"பின்பக்கம், மேல இருக்கறதுக்கா."

"அதை மட்டும் சின்னதாக்கினா ரெண்டும் ஒண்ணுபோல இருக்காது. பக்கத்து வட்டத்தையும் அதே அளவு மடி. முன்பக்கத்தைத் தொடாத. நூல் ரெட்டையா போடு. அங்க கடல் காத்து, ஒத்தை நூல் ஒரு மாசம் தாங்காது."

"சரிக்கா."

"முடிச்சிட்டு ஆஸ்டினுக்கு நீயே எழுது. என் பேரைச் சொல்லாத, உன் பேரைச் சொல்லியே எழுது. எங்கிட்டப் பொய் சொல்லலை, எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லியிருக்க. அதுக்கு அவர்கிட்ட நேர்ல வந்து மன்னிப்புக் கேளு. வாத்தியார், லேசுல விட மாட்டார்."

"சாவி அக்கா..." என்று யமுனா இழுத்தாள்.

"சாவிக்கு என்ன? நாளைக்கு நீ வராம யாரு கடையைத் திறப்பா, நானா? கண்ணைக் கட்டிக்கிட்டா?" என்று எரிந்து விழுந்துவிட்டு லூர்துராணி போனை வைத்தாள்.

யமுனா தைத்தாள். மூன்று மணிக்கு ஹாலித் டீ வாங்கிக் கொடுத்தார், அது ஆறிப் போனது. மூன்றே முக்காலுக்கு வண்டி வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தது. கடைசி வட்டத்தில் இன்னும் இரண்டு விரல் நீளம் பாக்கி. ஹாலித் வெளியே போய் டிரைவரிடம் என்னென்னவோ பேசி நேரத்தை இழுத்தார். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்து, நாடாக்களை மாற்றித் தைத்து, மூன்று கொடியையும் வரிசையாக விரித்துப் படம் எடுத்தாள். பார்சல் ஏறியது. வண்டி சாலை ரோடு பக்கம் திரும்பும் வரை வாசலிலேயே நின்றாள்.

ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆஸ்டினுக்கு எழுதினாள். நீளமாக எழுதி, அழித்து, குறைத்து எழுதினாள். காவிரிப் பாலம் ஏறும்போது பதில் வந்தது. 'அக்கா, நீங்க அனுப்பின படத்தை நான் தொறந்தே பாக்கல. சும்மா கட்டைவிரலைப் போட்டுட்டேன். செயலாளர்கிட்ட ரெண்டு பேர் தப்புன்னே சொல்றேன். கையால தைச்சதுன்னு சொன்னா சந்தோஷம்தான் படுவார்.' சந்தோஷப்படுவாரா, திருப்பி அனுப்புவாரா என்று அடுத்த சனிக்கிழமை வரை தெரியப்போவதில்லை. அதுவரை தனக்குத் தூக்கம் வராது என்பது மட்டும் யமுனாவுக்குத் தெரிந்தது.

வீட்டில் பிச்சமுத்து ஈசிச்சேரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார். முப்பத்தைந்து வருடம் விசாரணை பார்த்த மனுஷன், "என்ன ஆச்சு?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அவள் செருப்பைக் கழற்றியபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எல்லாம் உங்களாலதான்ப்பா" என்று முடித்தாள். "உங்க தோளைப் பாத்து வளர்ந்ததால வந்த வினை. ஒண்ணுமில்லாதவன்தான் அங்க பெரிய ஆளாம். வட்டம் வாங்கினவன் எல்லாம் அவனுக்குக் கீழயாம்."

பிச்சமுத்து சுவரில் தொங்கிய தன் படத்தைப் பார்த்தார். முதல் பத்து வருடம் வெறும் காக்கிச் சட்டையோடு அவர் நின்ற பந்தோபஸ்துகள், இன்ஸ்பெக்டர் வீட்டுக்குக் காந்தி மார்க்கெட்டிலிருந்து தூக்கிய காய்கறிப் பைகள், பெயரைக்கூடச் சொல்லாமல் 'யோவ்' என்று கூப்பிட்ட இருபத்துமூன்று வயது அதிகாரிகள், எல்லாம் யமுனா சின்ன வயசில் அரைகுறையாகக் கேட்ட கதைகள். அவர் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை.

"முதல்ல நீ சாப்பிடு" என்று எழுந்தார். சமையல்கட்டுப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அப்போ பத்து வருஷம் நான் கமடோரா இருந்திருக்கேன்மா. ஒரு பயலும் எங்கிட்ட சொல்லல."